மொட்டைவாலியின் பனிக்காலம்

மரவாடியில் அவருக்குப் பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். காட்டுக்குள் வெட்டிப் போட்ட மரங்களைச் சங்கிலியில் கோத்துப் பாதை வரைக்கும் இழுத்து வருகிற இழுவை வண்டியை ஓட்டுவது அவர் வேலை. ஆள் உயரச் சக்கரங்கள், முன்னால் மண்ணைத் தள்ளுகிற தகடு, பின்னால் கம்பிச் சுருள். அப்பேர்ப்பட்ட ராட்சச வண்டியை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு வேலிக்கம்பைச் சாய்த்ததில்லை, ஒரு கோழிக்குஞ்சை மிதித்ததில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று வந்து சக்கரத்தடியில் குனிந்து பார்ப்பார். பிறகு எஞ்சின் மூடியை உள்ளங்கையால் தட்டுவார். குளிருக்குப் பூனை ஏறி உள்ளே படுத்திருக்குமாம். தட்டிவிட்டுச் சும்மா நிற்பார். பூனை சோம்பல் முறித்து, யோசனை செய்து, இறங்கிப் போக அவகாசம் வேண்டாமா?

"அண்ணே, நீங்க வண்டி எடுக்கறதுக்குள்ள வெட்டின மரம் மறுபடி துளிர்த்துடும்ணே" என்பார் ரம்பக்காரர். மரத்தைச் சாய்ப்பது அவர், இழுப்பது இவர். பல வருஷ ஜோடி.

"துளிர்க்கட்டுமே. உனக்கும் எனக்கும் வேலை தீராம இருக்கும்."

இந்த நிதானம் பிறவியிலேயே வந்ததல்ல. அவருடைய அப்பா இதே மரவாடியில் அறுப்பு மேசையில் நின்றவர். ஒருநாள் சாயங்காலம், மணி அடிப்பதற்குள் ஒரு கட்டையை முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டார். வலது கையில் விரல்கள் போயின. அதன்பிறகு அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது மகனின் வேலையாயிற்று. தினமும் காலையில் அந்த மொண்ணைக் கையைப் பார்த்துக்கொண்டே பொத்தான் போட்டு வளர்ந்த பிள்ளைக்கு அவசரம் என்றாலே ஆகாது. நிதானமாகச் செய்தால் எந்தக் கெடுதலும் வராது என்று அவர் நம்பினார். மனிதனுக்கு என்னென்ன நம்பிக்கைகள் பாருங்கள்!

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த படுக்கை விரிப்புகளையும் நோயாளிச் சட்டைகளையும் தைத்துக் கொடுப்பவள். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க நீராவியும் சோப்பு வாடையும். ஊசி எவ்வளவு கூரோ அவ்வளவு கூர் அவள் வாய்.

"நிதானம்னு பேரு வெச்சவன் வாயில சர்க்கரை போடணும்" என்பாள், வீட்டுக்கு வந்தவர்களிடம். "நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து சமையலறைக் குழாய் சொட்டுது. இவரும் நிதானமா பாத்துக்கிட்டே இருக்காரு. நான் மூணு தடவை சொல்லாம இந்த மனுஷன் தானா ஒரு காரியம் செஞ்சிருக்காரா, கேளுங்க."

கேட்டால் சிரிப்பார். அவள் சொல்வது மெய்தானே.

பிள்ளை இல்லை. அதற்காக ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக் கத்திய காலம் ஒன்று இருந்தது. அது ஓய்ந்து, பேச ஒன்றுமே இல்லாத காலம் வந்தது. அது கத்தியதைவிட மோசம். இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி, நடுவில் சொட்டுகிற குழாய். அவள் சாப்பிட்டு எழுந்து போவாள். அவர் தட்டைக் கழுவி வைப்பார். அப்படியே கிழவன் கிழவியாகிப் போய்ச் சேரப் போகிறோம் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பெட்டி டீச்சர் வந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே கொட்டைப் புதர்க்காட்டில் மரத்துக்கு மரம் சின்னச் சின்னப் பலகைப் பெட்டி கட்டி, உள்ளே ஏதோ எலி குடியிருக்கிறதா என்று பார்ப்பவள். ஊர் அவளை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? எலியைப் பெட்டியிலிருந்து நோகாமல் எடுக்க மெல்லிய துணிப்பை வேண்டும் என்று சலவைக்கூடத்துக்கு வந்து பழைய விரிப்பு கேட்டாள். நிதானத்தின் மனைவி துணியைக் கொடுத்ததோடு நிற்காமல் பையாகவே தைத்தும் கொடுத்தாள். தைத்த பைக்குள் என்னதான் வரப்போகிறது என்று பார்க்க ஒருநாள் கூடவே போனாள்.

அன்று சாப்பாடு ஆறிப் போகிற வரைக்கும் பேசினாள்.

"எலின்னா நம்ம வீட்டு எலி இல்லைங்க. கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். தேன் நிறம். அணிலாட்டம் மெத்துனு வாலு. கண்ணு ரெண்டும் கறுப்பு மணி. கையில வெச்சா... என்னங்க, கேக்கறீங்களா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எலியை அல்ல, அவள் குரலை. இத்தனை வருஷமாக அது எங்கே போயிருந்தது?

அந்த எலிக்கு ஊரில் தூங்கெலி என்று பேர். மனைவி தூங்குமூஞ்சி என்பாள். பனிக்காலம் முழுக்கத் தூங்கும். பனி போனபிறகும் காலையில் கொஞ்சம் குளிர் அடித்தால் போதும், பெட்டிக்குள்ளேயே பந்தாகச் சுருண்டு மறுபடி ஒரு தூக்கம். வருஷத்தில் பாதிக்கு மேல் தூக்கத்திலேயே போய்விடும். ஆனால் அந்தத் தூக்கத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது என்றாள் பெட்டி டீச்சர். வயல் எலி, காட்டுச் சுண்டெலி எல்லாம் ஓடி ஓடிப் பெற்றுப் போட்டு, ஒரு வருஷத்துக்குள் ஆந்தைக்கோ பாம்புக்கோ இரையாகிவிடும். தூங்கெலி மூச்சை அடக்கி, உடம்பைக் குளிரவிட்டு, கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்துக் கிடந்து, தப்பிப் பிழைத்தால் நாலு வருஷம், ஐந்து வருஷம் கூட இருக்கும். அதற்கேற்றபடி பிள்ளைப்பேறும் கஞ்சத்தனம். பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு ஈத்து, நாலு குட்டி.

"தூங்கினா ஆயுசு கூடும்னா, உன் தம்பி எரநூறு வருஷம் இருப்பானே" என்றார் நிதானம்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

அதன்பிறகு அவரும் போகத் தொடங்கினார். பெட்டியின் ஓட்டை மரத்தைப் பார்த்தபடி இருக்கும். அதில் முதலில் துணிப்பந்தை அடைக்க வேண்டும், பிறகு மூடியை மெல்ல நகர்த்த வேண்டும், உள்ளே கூடு இருந்தால் பெட்டியோடு பைக்குள் இறக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. அவருக்கென்றே செய்த வேலை. ஒரு குளிர்ந்த காலையில் டீச்சர் தூங்குகிற ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கல்லைப் போல் ஜில்லென்று இருந்தது.

"செத்துப்போச்சா டீச்சர்?"

"இல்லை, தூங்குது. உசுரோட இருக்கறது எடுத்தாலும் சுருள் விடாது, முடிச்சு போட்ட மாதிரி இறுக்கமா இருக்கும். செத்ததுன்னா தளர்ந்து, வாலு தொங்கிப் போயிடும். அதான் கணக்கு."

அந்த ஒன்றுக்கு வால் பாதிதான் இருந்தது. ஏதோ பறவை கவ்வியபோது நுனி கழன்று தப்பித்திருக்க வேண்டும். மனைவி அதற்கு மொட்டைவாலி என்று பேர் வைத்தாள். பேர் வைத்தால் போதுமே, மனுஷருக்குப் பாசம் வந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் பனிக்காலம் முடிந்து பெட்டிகளைப் பார்க்கப் போகும்போது அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். "இருப்பாளா? இந்த வருஷம் இருப்பாளா?" இருந்தாள். அடுத்த வருஷமும் இருந்தாள். தன் குட்டிகள் பெற்ற குட்டிகளெல்லாம் போய்ச் சேர்ந்தபிறகும் மொட்டைவாலி இருந்தாள். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு மனைவி அழுததை நிதானம் ஒருமுறை பார்த்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

விதி எந்த ரூபத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்குக் குழாய் ரூபத்தில் வந்தது.

டீச்சர் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் மனைவி வழக்கம்போல் குழாய்ப் புராணத்தை எடுத்தாள். ரோஷம் வந்து அவர் முறுக்குச்சாவியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டார். மேலே பெண்கள் இருவரும் மேசையில் உட்கார்ந்து எலிக்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "பனிக்காலத்துல பெட்டியில ஒண்ணுகூட இருக்காது" என்று டீச்சர் சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்புறம் எங்கே இருக்கும் என்பதையும் அவள் சொன்னாள். ஆனால் அதற்குள் முறுக்குச்சாவி நழுவி, தண்ணீர் பீய்ச்சி அவர் மூக்கில் அடித்து, அவர் கத்தி, பெண்கள் சிரித்து, அந்தப் பேச்சே அடித்துக்கொண்டு போயிற்று. குழாய் சரியாகிவிட்டது. பெட்டி காலியாக இருந்தால் எலி காட்டைவிட்டே போய்விடும், பறவைகள் போகிற மாதிரி வெதுவெதுப்பான இடம் தேடி எங்காவது போகும் என்று அவராக ஒன்றை நினைத்துக்கொண்டார். யாரும் அவருக்குப் பரீட்சை வைக்கவில்லையே.

அடுத்த வருஷம் டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல். பெட்டிகளை மனைவியின் பொறுப்பில் விட்டுப் போனாள். மழைக்காலம் முடிகிற சமயம் மனைவியின் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தக் காட்டில் பாதியை வெட்டப் போகிறார்கள், கிடங்குக்குப் பாதை வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். சொத்துக்காரரிடம் டீச்சர் மன்றாடி மறுபாதியை மட்டும் காப்பாற்றியிருந்தாள். மொட்டைவாலி இருந்தது வெட்டுகிற பாதியில்.

பஸ் ஏறும்போது மனைவி சொன்னாள்: "வெட்டறப்ப கூடவே இருங்க. ஒண்ணுகூட அடிபடக் கூடாது. உங்களை நம்பித்தான் போறேன்."

"நான் பாத்துக்கறேன், நீ போ."

உங்களை நம்பித்தான் போகிறேன் என்று அவள் அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று இரவு அவருக்கு அது பெரிய பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டொரு நாளில் காண்ட்ராக்டர் கூப்பிட்டார். "நிதானம், அந்தக் கொட்டைக் காட்டை வர்ற வாரம் எடுத்துடலாம்."

"இப்பவா? இப்ப வேண்டாங்க. பெட்டிக்குள்ள குட்டியெல்லாம் இருக்கற நேரம்."

"இப்பத்தான் எடுக்கணுமாம்யா. அந்த டீச்சரம்மா சொல்லிட்டுப் போயிருக்காம். மழை முடிஞ்ச கையோட, மெள்ள மெள்ள, கைரம்பத்தாலேன்னு என்னென்னமோ."

"குட்டி இருக்கற நேரத்துல வெட்டச் சொல்லுமா அந்தம்மா? சொத்துக்காரரு தன் அவசரத்துக்கு அந்தம்மா பேரை இழுக்கறாரு. பனி இறங்கட்டும். பெட்டி எல்லாம் காலியா இருக்கும். எனக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரிதான் அதைப் பாத்துக்கறா."

வாழ்க்கையில் யாரோடும் எதிர்த்துப் பேசாத மனிதர் அன்று பேசினார். நாலு நாள் விடாமல் காண்ட்ராக்டரின் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் காண்ட்ராக்டருக்கும் ஒரு கணக்குத் தோன்றியது: பனிக்காலத்தில் மண் இறுகியிருக்கும், வண்டி புதையாது. "சரிய்யா, உன் இஷ்டம். சொத்துக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். நிதானம் காற்றில் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இவர் ஊதியதோடு விடவில்லை, ஓடி ஓடி ஊதினார்.

டீச்சர் சொன்னதுதான் சரி. மழை முடிந்த சமயம் தூங்கெலிகள் விழித்திருக்கும். குட்டிகளும் ஓடப் பழகியிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மெல்ல வெட்டிக்கொண்டு வந்தால் கிளைக்குக் கிளை தாவி அடுத்த பாதிக்குப் போய்விடும். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் மனைவி கேட்டாள், "வெட்டு நடக்குதா? பாத்துக்கறீங்களா?" என்று. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ அக்காவைப் பாரு" என்றார். சொல்லாமல் வைத்திருந்து, அவள் வந்தபிறகு சொல்ல வேண்டும். நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நானாகவே செய்தேன் என்று சொல்ல வேண்டும். அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

பனி இறங்கியது. வெட்டு தொடங்கிய அன்று அவர் ஒவ்வொரு பெட்டியாகப் போனார். துணிப்பந்தை அடைத்து, மூடியை நகர்த்தி, உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தார். காலி. எல்லாம் காலி. பெட்டிகளைக் கழற்றி வண்டியில் தன் இருக்கைக்குப் பின்னால் அடுக்கி வைத்தார்.

"பாத்தியா, ஒண்ணுகூட இல்லை. எல்லாம் பத்திரமா போயிடுச்சு" என்றார் ரம்பக்காரரிடம்.

"எங்கண்ணே போயிருக்கும்?"

"எங்கயோ போயிருக்கும். நல்ல எடமா பாத்துப் போயிருக்கும்."

ரம்பம் இரைந்தது, மரம் சாய்ந்தது, இவர் இழுத்தார். உதிர்ந்த இலை சக்கரத்தடியில் நொறுங்கியது. எப்போதும்போல் மெதுவாகவே ஓட்டினார். மெதுவாக ஏறினால் என்ன, வேகமாக ஏறினால் என்ன, பாரம் பாரந்தானே.

கடைசி நாள், கடைசிக் கட்டைகள். கொக்கியை மாட்டக் கீழே இறங்கியவர் சக்கரத் தடத்தில் எதையோ பார்த்தார். புல்லும் மரப்பட்டை நாரும் வைத்துப் பின்னிய பந்து ஒன்று. தட்டையாகி மண்ணோடு அழுந்திக் கிடந்தது. ஏதோ பறவைக்கூடு என்று நினைத்துக் கையால் விலக்கினார். உள்ளே தேன் நிறத்தில் ரோமம் தெரிந்தது.

அவர் அதை மண்ணோடு கையில் எடுத்தார். தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. டீச்சர் அன்றைக்கு என்ன சொன்னாள் என்பது இப்போதும் காதில் கேட்கவில்லை. இனிமேல் கேட்டு என்ன ஆக வேண்டும்? பதில் கையில் இருந்தது. பனிக்காலத்தில் அவை எங்கும் போவதில்லை. மரத்தை விட்டு இறங்கி, தரையில், இலைச் சருகுக்கு அடியில், ஈரமும் குளிரும் மாறாத இடமாகப் பார்த்துப் பந்துக்குள் பந்தாகச் சுருண்டு தூங்கும். கூப்பிட்டால் எழாது. எஞ்சின் மூடியைத் தட்டினால் பூனை இறங்கிப் போகும். இவை இடி விழுந்தாலும் எழாது.

"எலிதானேண்ணே" என்று சொல்ல வாயெடுத்த ரம்பக்காரர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரம்பத்தை அணைத்தார்.

இருவரும் மண்டியிட்டுச் சக்கரத் தடங்களைக் கையால் கிளறினார்கள். ஒரு பந்து, சற்றுத் தள்ளி இன்னொன்று, வேர் ஓரமாக இன்னொன்று. முதலில் ரம்பக்காரர் எண்ணிச் சொன்னார். பிறகு சொல்லவில்லை. வண்டி திரும்பும்போது ஒதுக்கிவிட்டுப் போன ஓர் அடிக்கட்டையின் வேர்ச்சந்தில் மட்டும் ஒரு பந்து முழுசாக இருந்தது. நிதானம் நாரை விலக்கினார். கல்லைப் போல் ஜில்லென்று, இறுக்கமாகச் சுருண்டு, முகத்தை மூடிய பாதி வால்.

"உசுரு இருக்கு! டேய், இவ உசுரோட இருக்காடா!"

"அப்படியே மூடிடுங்கண்ணே. இல்லாட்டி அந்தப் பக்கத்துப் பாதியில கொண்டுபோய் இலைக்கடியில வெச்சுடலாம். தூங்கறதைப் போய் எதுக்கு..."

"இந்தக் குளிர்ல விட்டுட்டுப் போகச் சொல்றியா? விறைச்சுக் கிடக்கறாளே, தெரியலையா உனக்கு?"

சட்டைக்குள், நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். அவளையாவது காப்பாற்றிவிட வேண்டும். மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி, அடி விழுந்தாலும் வாங்கிக்கொண்டு, இந்த ஒன்றையாவது அவள் கையில் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஹீட்டரைப் போட்டார். மனைவியின் கம்பளித் துணியை ஒரு கூடையில் விரித்து அதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சீழ்க்கை போல மெல்லிய மூச்சுச் சத்தம் வந்தது. உடம்பு நடுங்கியது. ஒரு கால் நீண்டது. பிறகு இரண்டு கறுப்பு மணிகளும் திறந்து அவரைப் பார்த்தன. மனிதர் சிரித்தார், அழுதார், "வாம்மா, வா வா" என்றார். கொட்டையை உடைத்துப் போட்டார், ஆப்பிளை நறுக்கிப் போட்டார், பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். மொட்டைவாலி எதையோ நக்கினாள், எதையோ கொறித்தாள், கூடைக்குள் சுற்றிச் சுற்றி ஓடினாள். வேலைக்கு லீவே எடுக்காத மனிதர் லீவு சொன்னார். மறுநாள் பார்த்தபோது அவள் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது.

அப்போதாவது மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அவள் ஒரு வார்த்தையில் வழி சொல்லியிருப்பாள். ஆனால் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே! வெட்கம், வேறென்ன? நாளைதான் வந்துவிடுகிறாளே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மனைவி சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கூடையைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினார்.

"பாரும்மா, யாருன்னு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கணம் முகம் மலர்ந்தது. மறுகணம் அது போய்விட்டது.

"என்னங்க இது? இவ ஏன் முழிச்சிருக்கா?"

"குளிர்ல விறைச்சுக் கிடந்தா. நான்தான் சூடு காட்டி எழுப்பினேன்."

"எழுப்பினீங்களா? யாரு உங்களை எழுப்பச் சொன்னது? பனிக்காலத்துல எழுந்தா இவ எப்படிங்க பிழைப்பா? உடம்புல இருக்கறதே அந்தக் கொழுப்புதானே! எங்கே கிடைச்சா? மழை முடிஞ்சதுமே அந்தப் பக்கம் போயிருக்கணுமே?"

அவர் சொன்னார். காண்ட்ராக்டரோடு சண்டை போட்டது, பனி இறங்கட்டும் என்று தள்ளிவைத்தது, பெட்டி எல்லாம் காலியாக இருந்தது, சக்கரத் தடம், பந்துகள். எதையும் ஒளிக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார், கத்தவில்லை.

"இத்தனை வருஷமா நான் சொல்லாம ஒரு காரியமும் செய்ய மாட்டீங்கன்னு உங்களைப் பேசினேன்" என்றாள் கடைசியில். "செஞ்சுட்டீங்களே. நான் சொல்லாமலே செஞ்சுட்டீங்களே!"

அதன்பிறகுதான் அழுதாள். அந்த அழுகையில் அவர் பக்கத்தில் போய் நிற்கக்கூட இடமில்லை.

டீச்சரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முழிக்கறதுக்கே பாதிக் கொழுப்பு கரைஞ்சிருக்கும். வயசும் ஆச்சு" என்றாள். "ரெண்டு நாள் நல்லா தின்னக் குடுத்துட்டு, பாசியும் ஈர இலையும் வெச்சுக் குளிர்ல வைங்க. மறுபடி தூங்கினா தூங்கட்டும். அவ்வளவுதான் செய்ய முடியும்."

"டீச்சர்" என்றார் நிதானம், தொலைபேசியை வாங்கிக்கொண்டு. "மிச்சப் பாதிக் காட்டுல இருக்கறது பெருகிடும் இல்லையா? எலிதானே, வேகமா பெருகிடும் இல்லையா?"



"சாதாரண எலின்னா பெருகிடும் சார். இதுக்கு வருஷத்துக்கு ஒரு ஈத்து. அந்தப் பக்கம் எப்பவுமே ஒண்ணு ரெண்டுக்கு மேல இருந்ததில்லை. இந்தப் பக்கத்துலேர்ந்து போனாத்தான் உண்டு. இனிமே இந்தப் பக்கம்..." என்று நிறுத்தினாள். "சரி, வெக்கறேன் சார்."

பால்கனியில், நிழல் விழுகிற மூலையில், கழற்றி வந்த பெட்டிகளில் ஒன்றை வைத்துப் பாசியும் இலையும் நிரப்பினாள் மனைவி. மொட்டைவாலி தின்றது கொஞ்சம்தான். பிறகு நார் இழுத்து, பந்து சுற்றி, உள்ளே போய்ச் சுருண்டாள். அதைப் பார்த்து இருவருக்கும் உள்ளூர ஓர் ஆசை பிறந்தது. வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்கள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி மூடியை விலக்கி உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பாள். சுருள் இறுக்கமாகத்தான் இருந்தது. "லேசாகிட்டே போறா" என்பாள் சில நாள். சில நாள் பந்தை மறுபடி சுற்றி மூடிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

அவர் வண்டியை விட்டுவிட்டார். மரவாடியில் கட்டைகளை அடுக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "என்ன நிதானம், இந்த வயசுல போய் அடுக்கற வேலைக்கு?" என்று காண்ட்ராக்டர் கேட்டபோது, "அந்தப் பேரைச் சொல்லாதீங்க" என்றார். காண்ட்ராக்டருக்கு விளங்கவில்லை. பழகிய வாய், மறுநாளும் அப்படியேதான் கூப்பிட்டது. ரம்பக்காரர் மட்டும் அன்று முதல் வெறும் அண்ணே என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

வீட்டில் மறுபடி இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி. குழாய் இப்போது சொட்டுவதும் இல்லை. அவள் ஏசவில்லை, குத்திக்காட்டவில்லை. "சாப்பிடுங்க" என்றாள், "கதவைச் சாத்துங்க" என்றாள். நல்லவளாக இருந்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

பனி விலகத் தொடங்கிய ஒரு காலையில் மனைவிக்கு அவசரம். சலவைக்கூடத்தில் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கூந்தலை முடிந்துகொண்டிருக்கும்போது அவர் பால்கனிக்குப் போய் மூடியை விலக்கினார். வெளியே மரங்களில் மொட்டு வைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான். கொஞ்ச நாள் தாங்கினால் போதும். பந்தை விலக்கி, இரண்டு விரலால் மொட்டைவாலியை மெல்ல எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

ஜில்லென்று இருந்தாள். எப்போதும் அப்படித்தான் இருப்பாள். ஆனால் கையில் வைத்ததும் சுருள் மெல்லத் தளர்ந்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பாதி வால் அவர் விரலிடுக்கில் தொங்கியது.

"என்னங்க, எப்படி இருக்கா?" மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பால்கனிக் கதவருகே வந்து நின்றாள்.

அவர் திரும்பவில்லை. மற்றொரு கையை மேலே கவித்து மூடிக்கொண்டார்.

"தூங்கறா" என்றார்.

அவள் ஓர் அடி எடுத்து வைத்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். மூடிய கைகளுக்குக் கீழே அந்த மொட்டை வால் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

"சரி" என்றாள். "எழுப்பிடாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவர் கையை விரிக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.